சும்மா ஊசி

ஊவா மாகாணத்தில் எத்தனையோ தோட்டங்கள் இருக்க, லுணுகலைக்கு மேலே கிடக்கும் ஊசிமலைத் தோட்டத்தை ஆய்வுக்காரர்கள் ஏன் தேடி வந்தார்கள் என்று எங்களுக்குள் பல பேச்சு. மழை காரணம் என்றார் ஒருவர், குளிர் காரணம் என்றார் இன்னொருவர். உண்மையான காரணத்தை அவர்களே பிறகு மேடையில் சொன்னார்கள். வரைபடத்தில் 'ஊசி' என்று தொடங்கும் தோட்டம் இது ஒன்றுதானாம்.

வந்தவர்களின் நிலையம் பதுளையில் இருக்கிறது. அதன் முழுப்பெயர், ஊசிச் சிகிச்சையின் சுகநலப் பயன்களை அறிவியல் முறையில் நிரூபிக்கும் மாகாண ஆய்வு நிலையம். ஊசி என்றால் மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை, வலிக்கு உடம்பில் குத்தி வைக்கிற மெல்லிய ஊசி. பெயரிலேயே 'நிரூபிக்கும்' என்று இருப்பதால் முடிவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. முடிவு தயாராக இருந்தது. அதற்கு ஏற்ற தோள்பட்டைகள்தான் தேவைப்பட்டன. தோள்பட்டை வலிக்கு எங்கள் தோட்டத்தில் என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

அந்தத் தோள்பட்டைகளில் ஒன்று கலாராணியுடையது. பள்ளிக்கூடம் விட்ட நாள் முதல் கொழுந்து எடுக்கிறாள். ஒரு வருடத்துக்கும் மேலாக வலது கை தோளுக்கு மேலே எழும்ப மறுத்தது. கொழுந்தைக் கிள்ளும், தலைக்குப் பின்னால் வீசிக் கூடையில் போடாது. இடது கையால் எல்லாவற்றையும் செய்துகொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் நிரையில் தனியாக வந்துகொண்டிருப்பாள். கொழுந்தின் நிறை குறையும். நிறை பதினெட்டு கிலோவுக்குக் குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். முழு நாளும் மலையில் நின்றவளை அரை ஆளாகப் பதிவதற்கு இங்கே அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அரைப்பேரைக்கூட அவள் சகித்துக்கொண்டாள். அவளால் சகிக்க முடியாதது தலைமுடி. கை பின்னால் போகாததால் சொந்தக் கொண்டையைத் தானே போட முடியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் புருஷன் அழகையாதான் போட்டுவிடுவான். அழகையாவுக்கு ஸ்டோரில் வேலை, அதாவது தேயிலை அரைக்கிற ஃபெக்டரியில். அங்கே சாக்குக்கு வாய் கட்டிப் பழகிய கையால் அவள் தலையையும் கட்டினான். இறுக்கத்தில் குறை சொல்ல முடியாது. மற்றப் பெண்கள் அந்தக் கொண்டையைப் பார்த்து, எத்தனை கிலோ என்று கேட்டார்கள். கலாராணி சிரித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் குன்றிப் போனாள்.

தேயிலை நாற்று வளர்க்கிற தவறணையில் கன்றுப் பைக்கு மண் நிரப்பும் இலேசான வேலைக்குத் தன்னை மாற்றச் சொல்லி அவள் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடம் இரண்டு முறை கேட்டிருந்தாள். பெரிய தொரை நியாயமான மனிதர். வலி என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை என்றும், தெரியாத பொருளுக்காக ஆளை மாற்றினால் நாளைக்கு எல்லோருக்கும் வலிக்கும் என்றும் விளக்கினார். நிலையம் வந்தபோது அவருக்கே நிம்மதி. இனி வலி இருக்கிறதா இல்லையா என்று அறிவியல் சொல்லட்டும், அதன்படி செய்கிறேன் என்றார். கலாராணி ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் இதுதான். ஊசியில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. கையைத் தூக்கிக் கொண்டை போட வேண்டும், அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கும் சடங்கு பெரட்டுக்களத்தில் நடந்தது. விளக்கப் பத்திரத்தைத் தமிழில் எழுதியவர் ஸமீம். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவர். மரண அத்தாட்சியிலிருந்து மணப்பொருத்தம் வரை எதையும் மூன்று மொழியிலும் மாற்றித் தருவார். அவரே வந்து வாசித்தார். "இது ஒரு இரட்டைக் குருட்டு ஆய்வு" என்று முதல் வரியிலேயே இருந்தது.

கலாராணியின் பக்கத்து லயத்துக்காரி இராக்கம்மாதான், அண்ணன் முறைக்கு ஸமீமை நானா என்று கூப்பிட்டு, வாயைத் திறந்தாள்.

"ரெட்டைன்னா ரெண்டு கண்ணுமா நானா?"

"அப்பிடி இல்ல தங்கச்சி. இதுல நீங்களும் குருடு, டொக்டரும் குருடு. இங்கிலீஷ்ல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"கண்ணு தெரியாதவருகிட்டயா ஊசியக் குடுக்கப் போறீங்க?"

ஸமீம் வியர்த்துப்போய், யாருக்கு எந்த ஊசி என்று குத்துகிறவருக்கும் தெரியாது, குத்துப்படுகிறவருக்கும் தெரியாது, அதைத்தான் குருடு என்கிறார்கள் என்று விளக்கினார். ஊசி இரண்டு வகை. ஒன்று உண்மையாகத் தோலுக்குள் போகும். மற்றது தோலைத் தொட்டதும் தன் பிடிக்குள்ளேயே சுருங்கிவிடும். அந்த இரண்டாவதற்கு அகராதியில் 'போலி' என்று இருந்ததாம். நிலையத்தை நடத்தும் பேராசிரியர் கொண்டு வருகிற பொருளைப் போலி என்று எழுத ஸமீமுக்கு மனம் வரவில்லை. ஆகவே 'சும்மா ஊசி' என்று எழுதிவிட்டார்.

சும்மா என்கிற சொல்லுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு சரித்திரம் உண்டு. மலையில் ஆட்களை மேய்க்கும் எங்கள் கணக்கப்பிள்ளை காலையில் வாயைத் திறப்பதே அந்தச் சொல்லோடுதான். சும்மா நிக்காத, சும்மா பேசாத, சும்மா என்னா பார்வை. சும்மா இருந்ததற்காக இங்கே ஆட்களை நிரையிலிருந்து விரட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் முதல் தடவையாக ஒரு அரசாங்க முத்திரைக்குக் கீழே, மருந்தின் பெயராக வந்து நின்றது. அன்றும் கணக்கப்பிள்ளை, சும்மா நிற்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டு மலைக்கு ஏறும்படி சொன்னார். எல்லோரும் போட்டார்கள்.

ஆட்களை மூன்று குழுவாகக் குலுக்கிப் போட்டார்கள். முதல் குழுவுக்கு உண்மை ஊசி. இரண்டாவதுக்குச் சும்மா ஊசி. மூன்றாவது காத்திருப்போர் குழு. அவர்களுக்கு எதுவும் கிடையாது, வழக்கம்போலக் கொழுந்தெடுத்துக்கொண்டு வலித்துக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் அனுபவத்தைப் பேராசிரியர் வெகுவாகப் பாராட்டினார்.

தாய்மார் மலையில் நிற்கும்போது பிள்ளைகளை விட்டுவைத்த, இப்போது மூடிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவை வெள்ளையடித்தார்கள். பதுளையிலிருந்து லொறியில் கட்டில்கள் வந்தன. மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை. பிள்ளைகள் இருந்த காலத்தில் அந்தக் கட்டடத்துக்கு ஒரு பாய்கூட வரவில்லை. அறிவியல் தரையில் படுக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

முதல் நாள் கலாராணியின் வலியை அளந்தது நிரஞ்சலா. பண்டாரவளைப் பெண், பட்டம் முடித்தவள், நிலையத்தின் ஆய்வு உதவியாளர். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைச் சொல்லும்படி கேட்டாள்.

"பதினெட்டு மிஸ்."

"பத்துக்கு மேல வலி கிடையாதுக்கா."

"பத்துக்கு யாரு மிஸ் முழுப்பேர் போடுவா?"

நிரஞ்சலா பத்து என்று எழுதினாள். இராக்கம்மா இருபத்திரண்டு சொன்னாள். அவளுக்கும் பத்து. நாள் முழுக்க எல்லோரும் கிலோவிலேயே வலியைச் சொன்னார்கள். வேறு எதற்கும் இந்தத் தோட்டத்தில் அவர்களிடம் யாரும் எண் கேட்டதில்லை.

ஊசி டொக்டர் வந்து தோளில் ஒரு சின்னக் குழாயை வைத்துத் தட்டினார். கலாராணி காத்திருந்தாள். பிறகு, எப்போது குத்துவீர்கள் என்று மரியாதையாகக் கேட்டாள். குத்தியாயிற்று என்றார். குத்தவில்லை என்றாள். போன திருவிழாவில் மாரியம்மனுக்கு அலகு குத்திக்கொண்டு ஸ்டோரடியிலிருந்து கோயில்வரை நடந்தவள் அவள். உள்ளே போகிற ஊசி எது, போகாத ஊசி எது என்று அந்தக் காம்பராவில் படுத்திருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மத்தியானம் சோறு தின்கிறபோதே உனக்கு உண்மையா, எனக்குச் சும்மா என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள். இராக்கம்மாவுக்கு உண்மை. கலாராணிக்குச் சும்மா.

செய்தி பதுளைக்குப் போனது. குருட்டுத்தன்மைக்குச் சேதம் ஏற்பட்டுவிட்டதாக நிலையம் பதறியது. மறுகிழமையே ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். 'பங்கேற்பாளர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாததாகக் கருதும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இன்னொரு கடிதம் கோயில் கமிட்டிக்குப் போனது. ஆய்வு முடியும்வரை திருவிழாவில் அலகு குத்துவதை நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது பாதிப் பேருக்குச் சும்மா அலகு குத்த வேண்டும். அம்மனிடம் கேட்டுச் சொல்வதாகக் கமிட்டித் தலைவர் பதில் போட்டார். அம்மன் பதில் சொல்வதற்குள் திருவிழா முடிந்துவிட்டது. எல்லோரும் உண்மையாகவே குத்திக்கொண்டார்கள்.

இதற்கிடையில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வலி குறைந்தது.

எப்படி என்று சொல்கிறேன். கிழமைக்கு மூன்று நாள் ஊசி. ஊசி டொக்டரின் வேன் பதுளையிலிருந்து பசறை வழியாக வர வேண்டும். அந்த வழியில் ஏதாவது ஓர் இடத்தில் எப்போதும் மண் சரிந்திருக்கும், அல்லது சரிந்த மண்ணை அள்ளிக்கொண்டிருப்பார்கள். டொக்டர் வரும்வரை பெண்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது விதி. உடம்பு ஆரம்பச் சமநிலைக்கு வர வேண்டுமாம். ஊசி போட்ட பிறகும் அசையாமல் படுக்க வேண்டும். அது முடிவுச் சமநிலை. ஆக, கிழமையில் மூன்று காலை, மற்றவர்கள் மலையில் ஈரத்தில் நிற்கிறபோது, இவர்கள் வெள்ளை விரிப்பில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும் என்று நிலையம் தொரையோடு ஒப்பந்தம் செய்திருந்தது.

முதல் கிழமை கலாராணிக்குப் படுக்கவே தெரியவில்லை. கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து, யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராகக் கிடந்தாள். கணக்கப்பிள்ளையின் குரல் தூரத்தில் கேட்டால் பாதி எழுந்துவிடுவாள். அக்கா, படுக்கிறதுதான் உங்கள் வேலை என்று நிரஞ்சலா திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் கிழமை மல்லாந்து படுத்தாள். அதற்குப் பிறகு குறட்டை விட்டாள்.

ஒரு காலை அழகையா சீப்போடு பின்னால் வந்து நின்றபோது கலாராணியின் கை தானாக மேலே போனது. பாதி வழியில் வலித்தது, ஆனாலும் நிற்காமல் போனது. முடியைச் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். கோணலான ஒரு கொண்டை. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். அழகையா சீப்பை வைத்துவிட்டு, "அப்ப எனக்கு வேல போச்சா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அவனுக்கும் கொஞ்சம் வருத்தம்தான். அந்த ஒரு வேலையில்தான் அவனை யாரும் மேற்பார்வை செய்யவில்லை.

அன்றைக்கு வலி எத்தனை என்று கேட்டபோது, "ஆறு" என்றாள் கலாராணி.

மாதக் கடைசியில் நிரஞ்சலா எண்களைக் கூட்டிப் பார்த்தாள். உண்மை ஊசிக் குழுவுக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தது. சும்மா ஊசிக் குழுவுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. காத்திருந்தவர்களுக்கு ஒரு புள்ளியும் குறையவில்லை. இதை எடுத்துக்கொண்டு அவள் பேராசிரியரிடம் போனாள். அவர் அன்றே ஊசிமலைக்கு வந்தார். காம்பராவுக்குள் கூட்டம் நடந்தது. பெண்கள் கட்டில்களில் முடிவுச் சமநிலையில் இருந்ததால் அவர்களை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஸமீமும் ஒரு மூலையில் நின்றார். ஆங்கிலத்தில் நடந்த கூட்டத்தை அவர் பழக்கதோஷத்தில் மெல்லிய குரலில் தமிழாக்கிக்கொண்டே இருந்தார். அதனால்தான் எங்களுக்குத் தெரியும்.

நிரஞ்சலா எழுந்து, "சேர், ஊசி இல்ல. படுக்கைதான்" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படுக்கைக்குச் சுகநலப் பயன் இருக்கலாம், அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் நமது நிலையத்தின் பெயரில் படுக்கை இல்லையே என்று கேட்டார். படுக்கையைப் பற்றி ஆராய வேண்டுமென்றால் அதற்கு வேறு நிலையம், வேறு பெயர்ப்பலகை, வேறு பேராசிரியர் தேவை. ஓய்வு என்கிற அசுத்தம் ஊசிக்குள் கலந்துவிட்டது, ஊசியைச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமானால் ஓய்வை அகற்ற வேண்டும் என்று முடித்தார். நிரஞ்சலா உட்கார்ந்தாள்.

மறுநாளே கட்டில்களை ஒரு மூலையில் அடுக்கிப் பெரிய தார்ப்பாய்ப் படங்கால் மூடினார்கள். ஊசி மலைக்கே வந்தது.

அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் மிகைப்படுத்த வேண்டிய தேவை இல்லை. ஐந்தாம் நம்பர் மலையில், சாய்வில், பெண்கள் நிரையில் நின்று கொழுந்தெடுக்கிறார்கள். தோளில் ஊசிகள். ஊசிகள் நனையக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒருவர் குடை பிடித்து நடக்கிறார். குடை பிடிப்பதற்கு ஆள் பற்றாததால் காத்திருப்போர் குழுவை எடுத்தார்கள். டொக்டர் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வடிகானைத் தாண்டி ஒவ்வொரு தோளாகத் தேடிப் போனார். அட்டைகள் எல்லோரையும் கடித்தன. யாருக்கு உண்மைக் கடி, யாருக்குச் சும்மாக் கடி என்ற பேதம் அவற்றிடம் இல்லை. அட்டைக் கடியைத் தனி நிரலில் பதிய வேண்டுமா என்று நிரஞ்சலா பதுளைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். சம்மதப் பத்திரம் இல்லாத கடிகளைப் பதிய வேண்டாம் என்று பதில் வந்தது. கணக்கப்பிள்ளை மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார். யாரும் சும்மா இல்லை.

கலாராணியின் எண் ஆறிலிருந்து ஏறியது. எட்டு. பத்து. பிறகு மறுபடியும் பதினெட்டு. கை தோளோடு நின்றுவிட்டது. ஒரு விடியலில் அவள் சீப்பை எடுத்து அழகையாவிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு முழுக்கச் செடியோடு பேசிக்கொண்டே கொழுந்தெடுத்தாள். பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆய்வை நிறுத்தியது அந்த ஆத்திரம் இல்லை. ஒரு ஊசி. ஸ்டோரில் இரும்புத் துண்டு பிடிக்கும் காந்தத்தைத் துடைக்கும்போது அழகையாவின் விரலில் அது குத்தியது. உண்மை ஊசிதான். இராக்கம்மாவின் தோளிலிருந்து கூடைக்குள் விழுந்து, கொழுந்தோடு வாடி, கொழுந்தோடு அரைபட்டு வந்திருந்தது. அழகையா அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்ப் பெரிய தொரையின் மேசையில் வைத்தான். எத்தனையோ தோள்கள் அசைக்காத மனிதரை அந்த ஒரு ஊசி எழுந்து நிற்க வைத்தது. இது வெளிநாட்டில் யாராவது ஒருவரின் கோப்பைக்குள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். மனித உயிரின் மதிப்பைப் பற்றி அவர் அவ்வளவு உருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆய்வு அந்தக் கிழமையே வெற்றிகரமாக நிறைவுபெற வேண்டும் என்று உத்தரவானது.

நிறைவு விழாவுக்குக் காம்பரா வாசலில் பந்தல். மாலை, குத்துவிளக்கு, பதுளையிலிருந்து படம் பிடிப்பவர். அறிக்கையின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும். மலையில் குடையோடு எடுத்த படங்கள் அட்டைக்கு ஆகாது என்று நிலையமே கருதியது. ஆகவே படங்கை விலக்கி, கட்டில்களை மறுபடி விரித்து, துவைத்த விரிப்பும் போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போக லொறி வெளியில் நின்றது.

முதலில் உரைகள். பேராசிரியர் ஆங்கிலத்தில் பேச, ஸமீம் வரிவரியாகத் தமிழில் சொன்னார். அன்றைக்கு ஸமீமின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஒரு சொல்லையும் மெருகூட்டவும் இல்லை.

"இந்த ஆய்வு எல்லா வகையிலும் சிறப்பாக நடந்தது. எங்களுக்கு இருந்த ஒரே இடைஞ்சல் நோயாளிகள். வலி குறைந்தது என்பது உண்மை. ஆனால் அது தவறான காரணத்தால் குறைந்தது. தவறான காரணத்தால் குறைந்த வலியை எங்களால் ஏற்க முடியாது. எனவே அது குறையவில்லை என்று பதிந்திருக்கிறோம்."

கைதட்டினார்கள். அடுத்து பெரிய தொரை. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மூன்று தலைமுறைத் தொரைமார் பேசிய தமிழ் அவருடையது. கலாராணி முன்வரிசையில் இருந்தாள். தவறணை வேலைக்கான பதில் இந்த மேடையில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மடியில் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கலாராணியம்மா கேட்ட விஷயத்தையும் இதுலேயே சொல்லிடுறேன்" என்றார் தொரை. "அவங்களுக்குப் போட்டது சும்மா ஊசி. அதுலேயே அவங்க வலி போயிருக்கு. சும்மா ஊசிக்குப் போற வலி, சும்மா வலிதானே? சும்மா வலிக்கு எப்படிங்க நான் இலேசு வேல குடுக்கிறது? படுத்தா சுகமாகும்னு மிஸ் சொல்றாங்க. இருக்கலாம். ஊசின்னா தோட்டம் வாங்கிக் குடுக்கும். படுக்கிறத எங்கேருந்து வாங்கிக் குடுக்கிறது?"

கலாராணி தலையைக் குனிந்தாள். பக்கத்தில் இருந்த இராக்கம்மா அவள் கையைத் தொட்டாள். கலாராணி கையை இழுத்துக்கொண்டாள். ஒரு வருடமாக வலித்த கை. புருஷன் சாக்குக் கட்டுவது போலத் தலை கட்டிவிட்ட காலைகள் அத்தனையும் சும்மாவாம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

பிறகு படம். காம்பராவுக்குள் வந்து ஆளுக்கு ஒரு கட்டிலில் படுக்கும்படி நிரஞ்சலா கேட்டுக்கொண்டாள். கலாராணிதான் முதலில் போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மல்லாந்து படுத்து, விரிப்பைக் கால்வரை இழுத்துவிட்டாள். டொக்டர் குழாயைத் தோளில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேராசிரியர் தலைமாட்டில் நின்று கனிவாகக் குனிந்தார். படம் நன்றாக வந்தது. இன்னொன்றும் எடுத்தார்கள். முடிந்தது, எழும்பலாம் என்றார் படம் பிடிப்பவர்.

கலாராணி எழும்பவில்லை.

கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடி சொன்னார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எழும்பப் பாதி உடம்பைத் தூக்கியிருந்த இராக்கம்மா அவளைப் பார்த்தாள். தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, திரும்பப் படுத்தாள். அடுத்த கட்டிலும் படுத்தது. அதற்கடுத்ததும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காத்திருப்போர் குழு ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு அவர்களும் உள்ளே வந்தார்கள். கட்டிலில் இடம் இருந்தவரை இருவராகப் படுத்தார்கள். மற்றவர்கள் பந்தலில் கட்டிய வெள்ளைத் துணியைப் பிடுங்கி வந்து தரையில் விரித்துப் படுத்தார்கள்.

லொறிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலை ஆளோடு ஏற்றவா, ஆளில்லாமல் ஏற்றவா என்று கேட்டார். பேராசிரியர் ஸமீமைக் கூப்பிட்டு, இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஊசிய எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் கலாராணி. "கட்டில வச்சிட்டுப் போங்க."

ஸமீம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே சிங்களத்திலும் சொன்னார், லொறிக்காரருக்காக. லொறிக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். நிரஞ்சலா சுவரோரம் நின்று பதிவுத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பண்டாரவளையிலிருந்து நாளும் பஸ்ஸில் நின்று வருகிறவளுக்கும் முதுகு ஒன்று இருந்தது.

பேராசிரியர் இது ஆய்வின் வரம்புக்குள் வராது என்று சொல்லி வேனுக்குள் ஏறினார். பெரிய தொரை வெளியே நின்று கணக்கப்பிள்ளைக்கு ஆள் அனுப்பினார். இப்படியான நேரத்துக்கென்றே தோட்டம் அவரை வைத்திருக்கிறது. கணக்கப்பிள்ளை ஐந்தாம் நம்பர் மலையிலிருந்து மூச்சு வாங்க வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். இத்தனை பேர் இத்தனை வெளிச்சத்தில் கிடப்பதை அவர் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. வாயில் வழக்கமான சொல்தான் வந்தது.

"என்னா இது? சும்மா படுத்துக் கிடக்கிறீங்க?"

கலாராணி இடது கையால் வலது கையைப் பிடித்து, மெல்லத் தூக்கி, தலைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "சும்மாதான்."